பன்னெண்டு மணி வாழ்த்து

"தேவி போனே எடுக்கல. ஸ்டுடியோவுலதானே இருக்கா?" முள்ளிப்பட்டியிலிருந்து கேட்டார் நெசவாளி சம்பந்தம்.

"உங்க பொண்ணு லைவ்ல பேசிகினு இருக்காங்க சார். ரேடியோவப் போட்டுப் பாருங்க" என்றான், ஆரணி வானொலியை நிர்வகிக்கும் சதீஷ்.

போட்டார். "மணி பத்து. உங்களோடு தேவிப்ரியா" என்றது மகளின் குரல். நிம்மதியாகப் போனை வைத்தார்.

"ஜல்தி கையெழுத்துப் போடுங்க" என்றார் சார்பதிவாளர். சதீஷ் போட்டான். பக்கத்தில் மாலையோடு நின்ற தேவிப்ரியாவும் போட்டாள்.

"கம்ப்யூட்டர்ல பன்னெண்டு வரைக்கும்தான் உன் குரல் ஏத்தியிருக்கேன். உங்கப்பாகிட்ட யார் சொல்றது?"

"பன்னெண்டு மணி வாழ்த்து நிகழ்ச்சியில நானே சொல்லுவேன். நேத்தே பேசி ஏத்திட்டேன்."

"ஐயோ, ஊரே கேக்குமே. போன்லயே அழிச்சிடறேன்."

"அழிச்சா, பேக்கப்ல இருக்கிற அதே வாழ்த்து தானா ஓடும். நீ சொல்லிக் குடுத்ததுதான்."