நம்ம ஊருக்கு ஒரு பொட்டு

“டீச்சர், சகாயசெல்வி வெள்ளிக்கிழமையும் முட்டை வாங்குதா!”

எட்வின் எழுந்து நின்று போட்டுக்கொடுத்தான். மாதா கோயில் மறைக்கல்வி வகுப்பு மொத்தமும் மூணாவது வரிசையைத் திரும்பிப் பார்த்தது.

பரிபூரணத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. தவக்கால வெள்ளி! கறி, மீன், முட்டை மூன்றும் கூடாது என்று நாலு வாரமாகத் தொண்டைத்தண்ணி வற்றக் கத்தியிருக்கிறாள். முட்டைக்குப் பங்குச் சாமியார் விலக்குக் கொடுத்தாலும் கொடுப்பார், பரிபூரணம் டீச்சர் கொடுக்கவே மாட்டாள்.

“எங்கலே பாத்த?”

“பள்ளிக்கூடத்துல டீச்சர். சத்துணவு முட்டையைக் கர்ச்சீப்புல சுருட்டிக்கிட்டு மாடிப்படிக்கு அடியில ஓடிருதா. நாலு வெள்ளிக்கிழமையாப் பாக்கேன்.”

பரிபூரணம் சும்மா வாயால் சொல்லிவிட்டுப் போகிற டீச்சர் இல்லை. சுவரில் பெரிய உலகப் படம் ஒட்டி, பஞ்சத்தில் வாடுகிற நாட்டுக்கெல்லாம் தன் பொட்டு அட்டையிலிருந்தே சிவப்புப் பொட்டு எடுத்து ஒட்டியிருந்தாள். படத்துக்குக் கீழே ஓலைக் கூடை. வெள்ளிதோறும் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பிடி அரிசி கொண்டுவந்து போட வேண்டும்.

அவளும் வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட மாட்டாள். அவள் மகள் பெனிட்டாவுக்கும் அன்றைக்கு டிபன் பாக்ஸ் கிடையாது.

“பட்டினின்னா என்னன்னு எம்மக வயித்துக்குத் தெரியும். உங்க வயித்துக்குத் தெரியுமா?” என்று பெருமையாகக் கேட்பாள். பெனிட்டா முதல் வரிசையில் தலையைக் குனிந்துகொள்ளும். அடக்கமான பிள்ளை என்று ஊரே மெச்சியது.

போன வாரம் இந்தச் சகாயசெல்விதான் எழுந்து, “டீச்சர், நம்ம ராஜபாளையத்துக்கும் ஒரு பொட்டு ஒட்டலாமா?” என்று கேட்டாள்.

“ஏட்டி, மில்லும் கம்பெனியுமா இருக்கிற ஊருல யாரு பட்டினி கிடக்கா?”

வகுப்பே கொல்லென்று சிரித்தது. அவள் முகம் சுண்டி உட்கார்ந்துவிட்டாள். இப்பவும் அதே சுண்டிய முகத்தோடுதான் எழுந்து நின்றாள்.

“முட்டை வாங்குனியா?”

“வாங்குனேன் டீச்சர்.”

“தின்னியா?”

“இல்ல டீச்சர். குடுத்துட்டேன்.”

“யாருக்கு?”

சகாயசெல்வி கையிலிருந்த அரிசிப் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“பேரைச் சொல்லு, விட்டுருதேன்.”

“நீங்கதான டீச்சர் சொன்னீங்க, குடுத்ததை வெளிய சொன்னா வாங்குனவங்க மனசு நோகும்னு.”

அடி ஆத்தி! தன் பாடத்தையே தனக்குத் திருப்பி நடத்துகிறாளே என்று பரிபூரணத்துக்குச் சுருக்கென்றது.

“முட்டையைத் தின்னது ஒரு தப்பு. இப்பப் பொய்யும் சேந்துக்கிருச்சு. இந்த வருசம் உனக்குப் புது நன்மை கிடையாது, போ!”

பிள்ளைக்குக் கண் இரண்டும் குளமாகிவிட்டது. அவள் அம்மா பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். முதன்முதலாக நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்கப் போகிற மகளுக்கு வெள்ளைக் கவுன் தைக்கக் கொடுத்து, பக்கத்து வீடெல்லாம் சொல்லியும் வைத்துவிட்டாள். இவ்வளவு இருந்தும் அந்தப் பிள்ளை வாயைத் திறக்கணுமே! ம்ஹூம். கொண்டுவந்த ஒரு பிடி அரிசியைக் கூடையில் போட்டுவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே வெளியே போனாள்.

சிலுவைப் பாதை செபத்துக்கு மணி அடித்தது. மற்ற பிள்ளைகளும் ஓடினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சாமியார் வந்ததும் புது நன்மை வாங்குகிற பிள்ளைகளின் பட்டியலைக் கையில் கொடுத்தாக வேண்டும். பரிபூரணம் பேனாவைத் திறந்து சகாயசெல்வி பேரைத் தேடினாள்.

ஒரு சின்னக் கை வந்து அவள் கையைப் பிடித்தது. பெனிட்டா.

“அம்மா, அவ பேரை அடிக்காதம்மா.”

“நீ எதுக்குட்டி அழுத?”

“அந்த முட்டையைத் தின்னது நான்.”

பேனா அப்படியே நின்றது.

“முத வெள்ளிக்கிழமையே பசி தாங்காம பள்ளிக்கூடத்து மாடிப்படிக்கிட்ட தலைசுத்தி உக்காந்துட்டேம்மா. அவதான் வந்து பாத்தா. அன்னையிலருந்து வாரவாரம் அவ முட்டையை எனக்குக் குடுத்துருதா. அவளுக்கு முட்டைன்னா உசிரு. அவ வீட்டுல வாங்கவே மாட்டாங்க.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?”

“டீச்சருக்குத் தெரிஞ்சா உன்னைய ஏசுவாங்க, பொறவு அவங்களும் வருத்தப்படுவாங்க, சொல்லாதன்னு சத்தியம் வாங்கிட்டா.”

பெனிட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவரில் இருந்த உலகப் படத்தைக் காட்டினாள்.

“போன வாரம் நம்ம ஊருக்கும் ஒரு பொட்டு ஒட்டச் சொன்னாள்லம்மா? அது எனக்குத்தான்.”