புதுக் கிடா

நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தார் கால்நடை மருத்துவர்.

"கிடாவோட விந்துல உயிரே இல்லப்பா. உடம்புல சூடு ஏறினா இப்படித்தான் ஆகும். வெயில்ல கட்டினியா?"

"இல்லைங்க டாக்டர். நிழல்லதான் நின்னுச்சு," என்றான் ஆட்டுப் பண்ணைக்காரன்.

"பெட்டையெல்லாம் பருவத்துக்கு வந்து கத்துது. இத வச்சுக்கிட்டு ஒண்ணும் சினையாகாது."

முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தவனுக்கு உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். குட்டி இல்லையென்றால் பண்ணையை மூடித்தான் ஆகவேண்டும். டவுன் வேலையை உதறிவிட்டு இவனை நம்பி வந்தவள் மனைவி. ஆடு என்றாலே குமட்டுகிறது என்று அவளிடம் எந்த முகத்தோடு சொல்வது? இனி பழி கிடாவின் தலையில்.

வீட்டு வாசலில் புதுக் கிடா ஒன்று கொழுகொழுவென்று நின்றது.

"பக்கத்துப் பண்ணையிலேர்ந்து நாந்தான் ஓட்டியாந்தேன். கவலைய விடுங்க," என்றாள் மனைவி. "அப்புறம், டவுன்லேர்ந்து அண்ணன் போன் பண்ணிச்சு. அவங்க கம்பெனியில உங்களுக்கு வேலையாம், வீடும் தர்றாங்களாம். உடனே பதில் சொல்லணும்னுச்சு. வேற ஆளப் போட்டுக்கச் சொல்லிட்டேன்."

"உனக்கு டவுனுக்குப் போக ஆசையில்லையா?" என்றான்.

"இல்லாமயா? ஆனா கோடை முழுக்க அந்தக் கிடாவுக்குக் கம்பளி போத்தி, தகரக் கொட்டகைக் கதவையும் சாத்தி, பொத்திப் பொத்திப் பாத்தீங்களே! அவ்வளவு பாசம் வச்ச மனுசன ஆட்டவிட்டுப் பிரிக்க எனக்கு மனசு வரலைங்க."