அவசரமாக நிமிர்த்திய ரிகார்டு

நந்திதுர்க் கடைத்தெருவில் ரிகார்டு ரிப்பேர்க்காரன் சம்பங்கியிடம், மூன்றாவது முறையாக அதே கிராமபோன் ரிகார்டை நீட்டினாள் அம்சவேணி. ரிகார்டு அப்பளமாய் நெளிந்திருந்தது. அவள் உதடு கிழிந்து, ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. போன முறை கையில் மாவுக்கட்டோடு வந்தாள்.

சம்பங்கிக்கு ரத்தம் கொதித்தது.

"மறுபடியும் வெயில்ல வெச்சுட்டியா? இதுக்கா இந்த அடி அடிச்சான் உம் புருஷன்? பயப்படாதம்மா, சாயங்காலத்துக்குள்ள நிமித்திடறேன்."

ரிகார்டை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து, மேலே ஏற்ற எடைக்கல்லைத் தூக்கினான்.

"வேணாண்ணா! அவரு நிமித்திட்டு வான்னு அனுப்புனதால வந்தேன். ரெண்டு தடவையும் நீங்க அவசரமா நிமித்திக் குடுத்ததுதான் வினையாப் போச்சு."

"இன்னாம்மா சொல்ற?"

"எங்க லைன் வீட்ல வீட்டுக்கு வீடு மூங்கில் தட்டிதான் சுவரு. நான் கத்துனா நாலு வீட்டுக்குக் கேக்கும். அதனால பாட்ட சத்தமா வெச்சிட்டுத்தான் அடிப்பாரு. வீட்ல இருக்கறது இந்த ஒரு ரிகார்டுதான். வேணும்னுதாண்ணா வெயில்ல வெச்சேன்."

சம்பங்கி எடைக்கல்லைத் தலைக்கு மேல் ஓங்கி, கண்ணாடி மேல் போட்டான். கண்ணாடியோடு ரிகார்டும் சுக்குநூறாகத் தெறித்தது.

"சம்பங்கி கை தவறிப் போட்டுட்டான்னு போய்ச் சொல்லும்மா."