எதிர்ச்சத்தம்

“தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது தம்பி. சத்தம் அப்படியேதான் இருக்கு!”

நெற்றியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள் இஸ்திரிக்காரி. அந்தச் சலவைக்கூடத்தில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். அவள் மேசைக்கு நேர் மேலே, நீராவியை வெளியே இழுக்கும் தகரக் குழாய். காற்று ஓடுவது தெரிவதற்காக அதன் வாயில் கட்டிய சிவப்பு நாடா படபடத்தது. சாப்பாட்டு நேரம், மற்றவர்கள் வெளியே போயிருந்தார்கள்.

“அக்கா, குழாய்க்குள்ள ஸ்பீக்கர் வெச்சிருக்கேன். ஃபேன் போடுற சத்தத்துக்கு நேர் எதிர்ச்சத்தம் போடும். ரெண்டும் மோதி அடங்கிடும்” என்றான் மெக்கானிக்.

“ரெண்டு நாத்தனார் சேர்ந்து கத்தினா வீடு அமைதியாயிடுமா? யாருக்குடா காது குத்துற?”

சூப்பர்வைசருக்குப் பொறுக்கவில்லை. “எல்லாருக்கும் போயிடுச்சு, மகாராணிக்கு மட்டும் கேக்குதாக்கும்! நாளைக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் வர்றாரு. குழாய்ச் சத்தம் நின்னுடுச்சுன்னு சொல்லணும். இல்லேன்னா வேற இடம் பாத்துக்க.”

“நீங்க முறைச்சா அவங்க தலையாட்டுவாங்க. நான் மாட்டேன். இந்தச் சத்தத்துக்காகத்தானே வேலைய நிறுத்தி எல்லாரையும் கூட்டிட்டு வாசல்ல உக்காந்தேன்? கண்துடைப்புக்கு ஒரு பொட்டிய மாட்டிட்டு என்னைப் பொய் சொல்லச் சொல்றீங்களா? வேலை போனா போகட்டும்!”

மெக்கானிக் குழாயில் காதை வைத்துப் பார்த்தான். பிறகு வெளியே சுவிட்ச் பலகைப் பக்கம் போனான்.

“இப்போ அக்கா?” என்று அங்கிருந்தே கேட்டான்.

“அதே ங்ங்ங்-தான்!”

கொஞ்சம் பொறுத்து, “இப்போ?”

“அதேதான்! கழட்டி எடுத்துட்டுப் போ உன் பொட்டிய!”

கூடம் புழுங்கியது. சூப்பர்வைசர் சட்டைப் பொத்தானைத் தளர்த்திக்கொண்டார்.

மெக்கானிக் திரும்பி வந்தான். அவன் முகம் நன்றாக இல்லை.

“அக்கா... மேல பாருங்க.”

சிவப்பு நாடா அசையாமல் தொங்கியது.

“ஃபேனையே நிறுத்திட்டேன். முதல்ல கேட்டேனே, அப்பவே.”

அவள் இரண்டு காதுகளையும் உள்ளங்கையால் அழுத்திப் பொத்தினாள். சத்தம் கொஞ்சமும் குறையவில்லை.

“பாத்தியா? குழாய் மேல தப்பே இல்ல” என்று சிரித்தார் சூப்பர்வைசர்.

அவள் கையை எடுத்தாள்.

“இல்லதான். இத்தனை வருஷமா அதுக்கடியில நிக்க வெச்சு, குழாயில இருந்தத என் தலைக்குள்ள ஏத்திட்டீங்களே. நாளைக்கு ஆய்வாளர்கிட்ட நீங்க கேட்டத அப்படியே சொல்றேன் சார், குழாய்ச் சத்தம் நின்னுடுச்சுன்னு. கூடவே இன்னொண்ணும் சொல்வேன்: முதலாளி எனக்கு ரெண்டு காது பாக்கி.”