இமைகூட அசையாதவர்

"உங்க வீட்டுக்காரரை இங்கேயே விட்டுட்டுப் போயிடுங்கம்மா" என்றார் தியான மையத்தின் பிக்கு.

முகாம் முடிந்து கணவனை அழைத்துப் போக வந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன சாமி இது? முட்டி கிழிஞ்ச ஜீன்ஸைப் போட்டுக்கிட்டு, கிரஞ்ச்னு ஒரு ராக் இசைக்குழுவுல தொண்டை கிழியக் கத்துறவர் அவர். முடியை வெட்டச் சொன்னாலே சண்டைக்கு வருவார்."

"முடி கிடக்கட்டும். பக்கத்து மனையில நாள் முழுக்கப் பாறை உடைக்கிறாங்க. இத்தனை வருஷமா தியானம் பண்ற நானே பல்லைக் கடிச்சுக்கிட்டுதான் உட்கார்ந்திருந்தேன். அவர் இமைகூட அசையலை. புத்தர் சொன்ன சமநிலை அவருக்கு வந்துடுச்சும்மா. இனிமே அவருக்கு வீடு எதுக்கு?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சாமி, காலமெல்லாம் ஸ்பீக்கர் பக்கத்துல நின்னு பாடி, அவருக்கு ரெண்டு காதும் போச்சு. காது மிஷின் வெச்சிருக்கார். முடி மறைக்கிறதால உங்களுக்குத் தெரியலை. தியானம்னு கண்ணை மூடினா, அதைக் கழட்டிப் பையில போட்டுக்குவார். வீட்டுலயும் அப்படித்தான்."

பிக்குவின் முகம் தொங்கிப்போனது. "அடடா! அப்போ நீங்க திட்டும்போதும் கழட்டிடுவாரா?"

அவள் பதில் சொல்வதற்குள் கணவர் மாடிப்படியில் இறங்கி வந்தார். மனைவியைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக, சட்டைப் பையிலிருந்து இரண்டு மிஷினையும் எடுத்தார். முடியை ஒதுக்கிவிட்டு அவசர அவசரமாகக் காதுகளில் மாட்டிக்கொண்டார்.

"ம், இப்ப திட்டு. கேட்டு எத்தனை நாளாச்சு!"

பிக்கு தன்னையறியாமல் கைகூப்பினார்.