இஸ்மாயில் தைத்த ஜிப்பா

கணவர் இஸ்மாயில் இறந்து, இத்தா இருக்கும் நாலு மாதம் பத்து நாள் முடிந்த மறுநாள் காலை, தான் தைத்த ஜிப்பாவைப் பக்ருன்னிசா தானே கடைக்குக் கொண்டுபோனாள்.

கடைக்காரர் நைனா முகமது கூலியாக நாலணா கொடுத்தார்.

"அவுகளுக்கு எட்டணா குடுப்பீகளே, அண்ணே? மூணு புள்ளைக இருக்கு."

"அது ஆம்பளக் கூலி, தங்கச்சி."

அலமாரியிலிருந்து ஒரு ஜிப்பாவை எடுத்து விரித்தார்.

"இஸ்மாயில் கடைசியாத் தச்சது. விக்க மனசு வரல. இந்தக் காஜாவப் பாரு. பொம்பளக் கைக்கு இம்புட்டு நறுவிசு வருமா?"

அவள் அந்தப் பொத்தான் காஜாவைத் தடவிப் பார்த்தாள்.

கடைசி மூன்று வருடம் இஸ்மாயிலுக்கு ஊசிக்காது தெரியவில்லை. எல்லாம் அவள் தைத்தவை. யாரிடமும் சொல்வதில்லை என்று அவருக்குச் சத்தியம் செய்திருந்தாள்.

"சொல்லு தங்கச்சி, வருமா?"