பன்னிரண்டு இலக்கம்

கல்யாணமான புதிதில், கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் வைத்துத் திருநாவுக்கரசு தன் மனைவி கல்யாணிக்குப் பன்னிரண்டு இலக்கப் பகா எண் ஒன்றை எழுதிக் கொடுத்தான்.

"ஒன்னையும் தன்னையும் தவிர வேற எதாலயும் வகுபடாது. நம்மள மாதிரி."

ஒவ்வொரு திருமண நாளிலும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அதைச் சோதிப்பான். எட்டு வருடம் அது வகுபடவில்லை. 2002இல் வகுபட்டது.

நம்பாமல், மறுநாள் காலை வீட்டில் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் காட்டிய எண்ணை வைத்துக் கையாலேயே வகுத்தான். மீதி பூஜ்யம். வகுத்த எண்ணுக்கு ஆறு இலக்கம். உள்ளூர் டெலிபோன் நம்பர் போலவே இருந்தது. போட்டுப் பார்த்தான்.

"அவரு பஸ் ஏறிட்டாரு. நீ வா" என்றது ரிசீவரில் கல்யாணியின் குரல்.

அடுப்படியில் கல்யாணி அவனுடைய டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தாள். தெருமுனையில் ஸ்டாஃப் பஸ் ஹாரன் அடித்தது.

"பஸ் வந்துடுச்சு, கிளம்புங்க" என்றாள்.